துணி காயப்போடும் முன் எரிமலையைப் பார்க்கும் ஊர்

காலை ஆறரை மணி. அடுப்பில் மிசோ சூப் கொதிக்கிறது. வாஷிங் மெஷின் ஓடி முடித்து 'பீப் பீப்' என்கிறது. அந்த வீட்டு அம்மா துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பால்கனிக் கதவைத் திறக்கிறார். உடனே துணியை உதறிக் காயப்போடவில்லை. முதலில் நிமிர்ந்து கடலுக்கு அப்பால் பார்க்கிறார்.

அங்கே நீல நிறத்தில் ஒரு மலை. அதன் உச்சியிலிருந்து கரும்புகை எழுந்து, மெல்ல எங்கள் பக்கமாகச் சாய்கிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு, கூடையோடு உள்ளே வந்துவிட்டார். அன்று துணியெல்லாம் ஹாலில்தான் காய்ந்தது.

நம் வீடுகளில் மழை மேகத்தைப் பார்ப்போமே, அதுபோல இங்கே எரிமலையைப் பார்க்கிறார்கள்!

ஜப்பானின் தெற்கே, கியூஷு தீவில் இருக்கிறது ககோஷிமா நகரம். எதிரே கடலில் நிற்பது சகுராஜிமா எரிமலை. காலாண்டுத் தேர்வு விடுமுறையில், என் கணவரின் அலுவலக நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கினோம். அந்த வீட்டில் ஏழு வயதில் ஒரு பையன், மூன்று வயதில் ஒரு பெண். எங்கள் மகளுக்கு ஆறு வயது. பேச்சுக்கு செல்போனில் மொழிபெயர்ப்புச் செயலி. பிள்ளைகளுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் நெருப்பு

ககோஷிமா சின்ன ஊர் இல்லை. ஏறக்குறைய 6 லட்சம் பேர் வாழும் நகரம். டிராம் ஓடுகிறது, புல்லட் ரயில் வருகிறது, பெரிய கடைத்தெருக்கள் இருக்கின்றன. நகரத்துக்கும் எரிமலைத் தீவுக்கும் இடையே சுமார் 4 கிலோமீட்டர் கடல். ஃபெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்தில் அந்தக் கரை.

சகுராஜிமாவின் உயரம் 1,117 மீட்டர். நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். ஆனால் 1955-லிருந்து இது ஓயாமல் வெடித்துக்கொண்டே இருக்கிறது. சில ஆண்டுகள் சும்மா முனகும். சில ஆண்டுகள் ஆட்டமாய் ஆடும். 2011-ல் மட்டும் 996 முறை வெடித்ததாகக் கணக்கு.

முதல் நாள் காலைச் சாப்பாட்டின்போதே எங்களுக்கு அறிமுகம் கிடைத்துவிட்டது. தூரத்தில் லாரி கவிழ்ந்ததுபோல 'டொம்' என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. என் மகள் ஓடிவந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அந்த வீட்டுப் பையன் கையில் கிண்ணத்தோடு எழுந்தான். ஜன்னலருகே போய்ப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். கையை நீட்டி, "அந்தப் பக்கம்" என்று காட்டிவிட்டு, திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது யார் சொல்லிக்கொடுத்த பாடம்? அதைத்தான் அந்த வாரம் முழுக்கக் கவனித்தேன்.

இது அடுப்புச் சாம்பல் இல்லை

சாம்பல் என்றதும் நமக்கு விறகடுப்பு ஞாபகம் வரும். பாத்திரம் துலக்கலாம், செடிக்குப் போடலாம், ஊதினால் பறக்கும். எரிமலைச் சாம்பல் அந்த ஜாதியே இல்லை. அது எரிந்து மிஞ்சியது அல்ல. பாறையும் கண்ணாடியும் நொறுங்கிய பொடி. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்கிறது. தண்ணீரில் கரையாது. நனைந்தால் சிமென்ட் கலவைபோலக் கனக்கும்.

அதனால்தான் இந்த ஊர் வீட்டு வேலைக்கென்று தனிச் சட்டங்கள் இருக்கின்றன.

காரின் கண்ணாடியில் சாம்பல் விழுந்தால் உடனே வைப்பரைப் போடக் கூடாது. கண்ணாடி முழுக்கக் கீறல் விழுந்துவிடும். முதலில் தண்ணீரை ஊற்றி வழியவிட வேண்டும். பால்கனியில் படிந்ததைத் தண்ணீர் விட்டு வடிகாலில் தள்ளக் கூடாது. குழாய் அடைத்துக்கொள்ளும். லேசாகத் தெளித்து, பறக்காமல் பெருக்கி அள்ள வேண்டும். கூரையின் மழைநீர்க் கால்வாயை அடிக்கடி பார்க்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சாம்பல் விழும் நாளில் கண்ணாடிக்கு மாறிவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு முதல் பாடமே கண்ணைக் கசக்காதே என்பதுதான். மூன்று வயதுக் குழந்தை கண்ணில் ஏதோ விழுந்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவரும் அம்மாவுக்காகக் காத்து நின்றது. நான் அசந்துவிட்டேன். கசக்கினால் கருவிழியில் கீறல் விழும் என்பது அதற்குத் தெரியாது. கை கண்ணுக்குப் போகக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

டி.வி.யில் வானிலைச் செய்தி வரும்போது, மழை, வெயிலோடு இன்னொன்றும் சொல்கிறார்கள். சகுராஜிமாவுக்கு மேலே இன்று காற்று எந்தப் பக்கம் என்று. பொதுவாகக் கோடையில் கிழக்குக் காற்று வீசி, சாம்பல் ககோஷிமா நகரத்தின் மேல் விழும். குளிர்காலத்தில் காற்று மாறி, எதிர்ப்பக்கமுள்ள ஓசுமி தீபகற்பத்துக்குப் போகும். ஒரு பக்கத்துக்காரர்கள் மெத்தையை வெயிலில் போடும் நாளில், மறுபக்கத்துக்காரர்கள் ஜன்னலை மூடிக்கொண்டிருப்பார்கள். வெயில் நாளில் குடை பிடித்து நடப்பவர்களைப் பார்த்தால் சிரிக்காதீர்கள், சாம்பல் விழுகிறது!

தெருமுனையில் மஞ்சள் பை

குப்பைக்குத் தனி நாள், தனிப் பை என்பது ஜப்பான் முழுக்க உண்டு. ககோஷிமாவில் மட்டும் சாம்பலுக்கென்று ஒரு மஞ்சள் பை. நகராட்சியே இலவசமாகத் தருகிறது. வீட்டைச் சுற்றி விழுந்ததை அள்ளி, பையில் கட்டி, தெருவில் அதற்கென ஒதுக்கிய இடத்தில் வைத்துவிட வேண்டும். வண்டி வந்து எடுத்துப் போகும். சாலையில் விழுந்ததை உறிஞ்சித் துடைக்கவும் தனி வண்டிகள்.

அந்தப் பைக்கு ஒரு பெயர் உண்டு. முன்பு 'விழும் சாம்பலுக்கான பை' என்று பெயராம். பிறகு மாற்றி, 'சாம்பலை வெல்லும் பை' என்று வைத்துவிட்டார்கள். ஒரே ஓர் எழுத்தைத்தான் மாற்றினார்கள் என்று நண்பர் எழுதிக் காட்டினார்.

ஒரு மாலை நாங்களும் பெருக்கினோம். பெரியவர்கள் கையில் துடைப்பம், பிள்ளைகள் கையில் கடற்கரையில் மணல் அள்ளும் பிளாஸ்டிக் கரண்டி. கால் பைதான் நிரம்பியது. தூக்கிப் பார்த்தேன், முழங்கை வலித்தது. பையை ஏன் முழுதாக நிரப்புவதில்லை என்று அப்போது புரிந்தது. பக்கத்து வீட்டில் வயதான தம்பதி. அவர்கள் வாசலையும் சேர்த்தே பெருக்கினார் அந்த அம்மா. கேட்டுச் செய்யவில்லை, சொல்லிக் காட்டவும் இல்லை.

ஹெல்மெட் மாட்டிய வாசல்

அந்த அம்மா பிறந்த வீடு தீவில். இன்றும் சில ஆயிரம் பேர் அங்கே வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்க எல்லோருமாகக் கிளம்பினோம்.

ஃபெர்ரியில் ஏறியதுமே பிள்ளைகள் ஊடோன் நூடுல்ஸ் கடைக்கு ஓடினார்கள். கிண்ணம் காலியாவதற்குள் கரை வந்துவிடுகிறது. இறங்கியதும் கறுத்த எரிமலைக்குழம்புப் பாறைகள், இடையிடையே பைன் மரங்கள். சாலையோரத்தில் நம் பஸ் நிறுத்தம்போலக் கான்கிரீட் கூடாரங்கள். திடீரென்று கல் விழுந்தால் ஒதுங்க. ஒரு மயானத்தைக் கடந்தோம். கல்லறை ஒவ்வொன்றுக்கும் கூரை போட்டிருந்தார்கள். முன்னோர் தலையில் சாம்பல் விழக் கூடாதல்லவா!

பாட்டி வீட்டு வாசலில் செருப்பு வைக்கும் அலமாரிக்கு மேலே வரிசையாக ஹெல்மெட்கள். தாத்தாவுடையது, பாட்டியுடையது, பேரப்பிள்ளைகள் வந்தால் போட இரண்டு சின்னது. தீவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஹெல்மெட் அணிந்துதான் நடப்பார்கள். நாங்கள் வருவது தெரிந்து, என் மகளுக்கும் ஒன்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்தார் பாட்டி. மஞ்சள் நிறம். அன்று முழுக்க அவள் அதைக் கழற்றவே இல்லை.

ஹெல்மெட்டுக்குக் கீழே ஒரு பை. தண்ணீர், டார்ச், மருந்துச் சீட்டு, மாற்றுத்துணி, பேத்திக்கான டயப்பர். "பேத்தி வளர வளர டயப்பர் அளவை மாற்றி வைக்கிறேன்" என்றார் பாட்டி. அவசரப் பை என்று நாமும் சில வீடுகளில் வைப்போம். வைத்ததோடு மறந்துவிடுவோம்.

மலை கொடுக்கும் முள்ளங்கி

பாட்டியின் தோட்டத்தில் முள்ளங்கி நாற்று விரலளவு முளைத்திருந்தது. நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கிக் களைந்துகொண்டிருந்தார். ஜனவரி வாக்கில் அறுவடை. சகுராஜிமா முள்ளங்கி உலகிலேயே பெரிய முள்ளங்கி. 2003-ல் 31.1 கிலோ எடையில் ஒன்று விளைந்து கின்னஸில் ஏறியது. அதாவது, என் மகளைவிடக் கனம்! பொலபொலவென்ற எரிமலை மண்ணில் வேர் தடையில்லாமல் பருக்கிறது. அதே மண்ணில் நெல்லிக்காயைவிடச் சற்றே பெரிதாக ஒரு குட்டி ஆரஞ்சும் விளைகிறது. ஒரே தோட்டத்தில் உலகின் பெரிய முள்ளங்கியும் மிகச் சின்ன ஆரஞ்சும்!

மதியச் சாப்பாட்டில் மீன். அதை வெயிலில் காயவைப்பதில்லை. மீனைத் துணி, தாளில் சுற்றி, எரிமலைச் சாம்பலுக்கு நடுவே வைத்துவிடுகிறார்கள். ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு துளி சாம்பலும் மீனில் ஒட்டுவதில்லை. நம் கருவாட்டைவிட வாசம் குறைவு.

சாயங்காலம் கடலோரம் போனோம். அங்கே சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெந்நீர்த் தொட்டி, காலை நனைத்து உட்கார. பாட்டி, பேரப்பிள்ளைகள், நாங்கள், வெளியூர்க்காரர்கள், எல்லோரும் ஒரே வரிசையில். வெந்நீரைச் சூடாக்குவதும் அந்த மலையின் நெருப்புதான்.

பள்ளி வளாகத்தில் ஒரு கல்

பிறகு பாட்டி எங்களைத் தீவின் கிழக்கே குரோகாமி என்ற இடத்துக்கு அழைத்துப் போனார். ஷின்டோ கோயில் வாசலில் நிற்கும் தோரண வாயில் ஒன்று அங்கே இருக்கிறது. 3 மீட்டர் உயர வாயில். இப்போது வெளியே தெரிவது மேலே சுமார் 1 மீட்டர் மட்டும். 1914 ஜனவரி 12 அன்று மலை வெடித்தபோது ஒரே நாளில் புதைந்தது. தோண்டி எடுக்கலாம் என்று ஊரார் கிளம்பியபோது, வருங்காலப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அப்படியே விடச் சொன்னார் அன்றைய கிராமத் தலைவர். என் மகள் அதன் உச்சி விட்டத்தை எட்டித் தொட்டாள். மீதி காலடியில் இருக்கிறது என்றதும் மெல்லப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

அந்த வெடிப்பில் வழிந்த எரிமலைக்குழம்பு, தீவுக்கும் ஓசுமிக்கும் இடையே இருந்த சுமார் 400 மீட்டர் கடலைத் தூர்த்துவிட்டது. அன்றிலிருந்து சகுராஜிமா பெயரில்தான் தீவு. அன்று மாலையே பெரிய நிலநடுக்கம். இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 58 பேர்.

அந்த 58 பேரைப் பற்றிப் பேசும்போதுதான் பாட்டி கல்லைப் பற்றிச் சொன்னார். வெடிப்புக்கு முன்பே அறிகுறிகள் இருந்தன. நிலம் அடிக்கடி அதிர்ந்தது. கிணற்று நீர் மாறியது. கடலோரத்தில் வெந்நீர் பொங்கியது. பலர் படகேறிப் போய்விட்டார்கள். கிழக்குக் கிராமத்தின் தலைவர் நகரத்து வானிலை நிலையத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். சகுராஜிமா வெடிக்காது என்றே பதில் வந்தது. அதை நம்பி அவர் மக்களை இருக்கச் சொன்னார். நம்பி இருந்தவர்களில் சிலர், கடைசி நேரத்தில் ஜனவரிக் கடலில் குதித்து நீந்த முயன்று இறந்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1924-ல், கிராமத்தார் ஒரு கல்லை நட்டார்கள். ஹிகாஷி சகுராஜிமா தொடக்கப்பள்ளி வளாகத்தில் நிற்கிறது. கோட்பாட்டை மட்டும் நம்பிக் காத்திராதீர்கள், மாறுதலைக் கண்டால் நீங்களே முந்திக் கிளம்புங்கள் என்பது அதில் செதுக்கியிருப்பதன் சாரம். பாட்டிக்கு இதை அவர் பாட்டி சொன்னாராம். அன்று தப்பித்தவர்களில் அவரும் ஒருவர். யாரும் சொல்லி அல்ல, கிணற்றைப் பார்த்துக் கிளம்பியவர்.

இன்று நிலைமை வேறு. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் தீவிலேயே இருக்கிறது. மலை மயிரிழை வீங்கினாலும் கருவிகள் காட்டிவிடும். 1914-ல் வெளியேறிய அளவில் பெரும்பகுதி மாக்மா மீண்டும் அடியில் சேர்ந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதனால்தான் ஆண்டுதோறும் தீவில் ஒத்திகை. பேருந்து, ஃபெர்ரி, பெயர்ப் பட்டியல், எல்லாம் உண்டு. விஞ்ஞானிகளை இந்த மக்கள் நம்பாமல் இல்லை. ஆனால் தங்கள் கண்ணையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடவில்லை.

"பயமாக இல்லையா?"

திரும்பும் ஃபெர்ரியில் கேட்டேவிட்டேன். பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இங்கே எப்படி?

அந்த அம்மா செல்போனில் நிதானமாகப் பேசினார். 2022 ஜூலை 24, ஞாயிறு இரவு. வெடித்த கல் 2 கிலோமீட்டரைத் தாண்டி விழுந்தது. எச்சரிக்கை முதல் முறையாக உச்சமான 5-ஆம் நிலைக்கு உயர்ந்தது. தீவின் தென்பகுதிக் குடியிருப்புகளில் இருந்த 51 பேரை வெளியேறச் சொன்னார்கள். அவர் அம்மாவின் வீடு அந்தப் பகுதியில் இல்லை. ஆனாலும் போனில் கூப்பிட்டபோது பாட்டி ஏற்கெனவே செருப்பு மாட்டி, பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். மூன்று நாளில் எச்சரிக்கை 3-ஆம் நிலைக்கு இறங்கியது.

"சத்தம் கேட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் கேட்டும் நான் நிமிர்ந்து பார்க்காமல் சமைத்துக்கொண்டே இருந்துவிட்டேன் என்றால், அதுதான் பயம்" என்றார். "அதனால்தான் துணி காயப்போடும் வேலையைப் பையனுக்கும் கொடுத்திருக்கிறேன்."

எனக்கு அப்போதுதான் முதல் நாள் காலை புரிந்தது. எரிமலையைப் பற்றி அவர் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. பயமுறுத்தவும் இல்லை. துணிக்கூடையைக் கொடுத்திருக்கிறார். தினமும் அதைத் தூக்கும்போது நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். நூறு நாள் ஒரே மாதிரி பார்த்தவனுக்குத்தான், நூற்றோராவது நாள் மாறியிருந்தால் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு

• ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து புல்லட் ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ககோஷிமா. அங்கிருந்து துறைமுகம், ஃபெர்ரி.

• எரிமலை வாயைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் யாருக்கும் அனுமதியில்லை. 373 மீட்டர் உயரத்தில் உள்ள யுனோஹிரா காட்சிமுனைதான் பொதுமக்கள் போகக்கூடிய உயரமான இடம். குழந்தைகளோடு தாராளமாகப் போகலாம்.

• தீவில் டைனோசர் சிலைகளும் சறுக்குமரமும் உள்ள பூங்கா இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கிளப்புவது கஷ்டம்!

• ஆளுக்கொரு மாஸ்க், கைக்குட்டை, தண்ணீர் பாட்டில். வெள்ளை உடைகள் வேண்டாம். அன்றைய எச்சரிக்கை நிலையையும் காற்றின் திசையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நாள் காலை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் இரண்டு பிள்ளைகளின் குசுகுசு சத்தம். எட்டிப் பார்த்தேன். பையன் துணிக்கூடையின் ஒரு காதைப் பிடித்திருந்தான், என் மகள் மறு காதை. பால்கனிக் கதவைத் திறந்ததும் இரண்டு தலையும் ஒன்றாக நிமிர்ந்தன.

முதல் நாள் என் புடவைக்குள் ஒளிந்த பெண், மலையைக் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, புகை அந்தப் பக்கம் போகுது. இன்னிக்கு வெளியிலயே போடலாம்."